புயல் தசமபாகக் கணக்கைப் பார்த்ததா?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு, கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது. "தசமபாகத்தில் குறை வைத்தீர்கள், அதனால் கர்த்தர் சிட்சித்தார், தண்டித்துத் திருத்துகிறார்" என்று போதகர் சொன்னார். அன்றிலிருந்து வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஒழுங்காகக் கொடுத்துவருகிறேன். புதிதாக வைத்த கன்றுகள் இப்போது பாளை விட்டுவிட்டன. "சிட்சைக்குப் பின் கனி" என்று கன்வென்ஷன் கூட்டத்தில் மேடையேறிச் சாட்சி சொல்லச் சொல்கிறார். நிவாரணப் பணம் பிரித்ததில் தம்பியோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது ஒன்றுதான் குறை. சாட்சி சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், பேராவூரணி வட்டம்

பதில்: இந்தச் சாட்சியைச் சொல்லாதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தோப்பு தோப்பாகச் சாய்த்துவிட்டுப் போனது. தசமபாகம் கொடுத்தவர் தோப்பும் சாய்ந்தது, கொடுக்காதவர் தோப்பும் சாய்ந்தது, தசமபாகம் என்றால் என்னவென்றே கேள்விப்படாத பக்கத்து வீட்டுக்காரர் தோப்பும் சாய்ந்தது. உங்கள் பாக்கியை வசூலிக்கக் கர்த்தர் அத்தனை பேரின் மரத்தையும் முறித்தார் என்றால், அப்படி ஒரு கடவுளை வேதத்தில் நான் பார்த்ததில்லை. எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளோ என்ற பேச்சு வந்தது. "அப்படியல்ல" என்று இயேசு நேராகவே சொன்னார். லூக்கா 13-ஐப் போதகரும் நீங்களும் சேர்ந்தே வாசியுங்கள்.

அதற்காகச் சிட்சை என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. கர்த்தர் தாம் நேசிக்கிறவனைச் சிட்சிக்கிறார் என்னும் எபிரெயர் நிருபத்தின் 12-ஆம் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? விசுவாசத்துக்காக ஆஸ்தியைக் கொள்ளை கொடுத்தவர்களுக்கு. 10-ஆம் அதிகாரத்திலேயே அது வந்துவிடுகிறது. காணிக்கையில் குறை வைத்தார்கள் என்ற பேச்சே அங்கு இல்லை. அவர்கள் பட்ட பாட்டைத்தான் தகப்பன் பிள்ளையைச் சிட்சிப்பது என்கிறார் எழுதியவர். பாக்கிக்குப் போடும் அபராதம் வேறு, பிள்ளையை வளர்ப்பது வேறு.

நம் தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1706-இல் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவை, அப்போது ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களின் தளபதி 1708 கடைசியில் கோட்டையில் அடைத்தார். ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசியது அந்தச் சண்டைக்கு ஒரு காரணம். சுமார் நான்கு மாதச் சிறை. வெளியே வந்தவர் கையிலிருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711-இல் முடித்தார். 1715-இல் அது அச்சிலும் வந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் இறந்தும் போனார். எந்தப் பாவத்துக்கு அந்தச் சிறை என்று கேட்டால் உங்கள் போதகரிடம் பதில் இருக்குமா?

நீங்கள் கடைமடைக்காரர், உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும். தூர் கட்டட்டும் என்று வேண்டுமென்றே வயலைக் காயப்போடுவதும் உண்டு. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து சேராமல் காய்வதும் உண்டு. வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே வெடிப்புதான். எது எதுவென்று வயல்காரனுக்குத் தெரியும். அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து "இது சிட்சை" என்று தீர்ப்புச் சொல்கிறவர் வரப்பில் நிற்கிறவர். எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்த்து "நீ பாவம் செய்திருப்பாய்" என்ற நண்பர்களும் அப்படித்தான் நின்றார்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் வந்தது. என் வாழ்க்கையில் இது சிட்சை என்று நான் எனக்குள் உணரலாம், அதற்கு முழங்காலிடலாம். உங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. போதகருக்கும் கிடையாது.

அப்புறம் கனி. கன்று பாளை விட்டதற்கு நன்றி சொல்லுங்கள், தாராளமாக. ஆனால் பாளை விடுவது நல்ல கன்றின் வேலை, எருவின் வேலை, தண்ணீரின் வேலை. "கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார்" என்று யோவான் 15-இல் வருவது தோப்பு மகசூலைப் பற்றியதல்ல. கலாத்தியரில் பவுல் போட்ட ஆவியின் கனிப் பட்டியலில் அன்பு, சமாதானம், நீடிய பொறுமை, தயவு என்று வருகிறதே தவிர, தேங்காய் வரவில்லை. எபிரெயர் நிருபமும் சிட்சையின் பலனை "நீதியாகிய சமாதான பலன்" என்றே சொல்கிறது. அதுவும் "அதில் பழகினவர்களுக்கு". அடி பட்டால் மட்டும் போதாது போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "ஒன்றுதான் குறை" என்று போகிற போக்கில் எழுதிய வரி. சிட்சையைப் பற்றிப் பேசி முடித்ததும் அதே எபிரெயர் 12 அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள்: "யாவரோடும் சமாதானமாயிருக்கவும்" நாடுங்கள் என்கிறது, அதற்கடுத்த வசனத்திலேயே கசப்பான வேரைப் பற்றி எச்சரிக்கிறது. மரம் விழுந்தது உங்கள் கையில் இல்லை. விழுந்த மரத்துக்கு வந்த பணத்தை எப்படிப் பிரித்தீர்கள் என்பது உங்கள் கையில் இருந்தது. இன்னமும் இருக்கிறது. கணக்கை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போங்கள். நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும் போங்கள். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். அப்படியானால் இன்னொரு நாள் போங்கள்.

கன்வென்ஷன் அடுத்த வருஷமும் நடக்கும். அதற்குள் தம்பியோடு சமாதானமாகி, சொல்ல ஏதாவது இருந்தால் தாராளமாக மேடை ஏறுங்கள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் தம்பியிடம் சொல்லிக்காட்டிவிட்டு ஏறுங்கள்.