எலிஃபண்டாவுக்குத் திங்கள் டிக்கெட் கிடைக்காதவருக்கு

மும்பைப் பயணத்தில் எலிஃபண்டாவுக்குத் திங்கட்கிழமை டிக்கெட் எடுக்க முடியவில்லை, செவ்வாய் இரவு விமானம் என்று கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமை, மும்பைக்கு அருகே கடல் நடுவில் தீவில் இருக்கும் எலிஃபண்டா குகைகளுக்கு விடுமுறைங்க. டிக்கெட் தளம் உங்கள் தேதியை ஏற்காததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். செவ்வாய்த் தேதியைப் போட்டுப் பாருங்கள்.

திங்களை மும்பை நகருக்குள் மாட்டுங்கா, கோட்டை (ஃபோர்ட்) பகுதிகளுக்கு வைத்துக்கொண்டு, செவ்வாய் காலை முதல் படகிலேயே கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையில் ஏறிவிடுங்கள். ஒரு வழிக்குச் சுமார் ஒரு மணி நேரம். செவ்வாய் இரவுதானே விமானம், தாராளமாகத் திரும்பிவிடலாம். கிட்டத்தட்ட 20 அடி உயரம், மூன்று முகம், குகையில் இருக்கும் அந்தச் சதாசிவன் சிலையை அவசரமாகப் பார்க்கவே கூடாது! ஒவ்வொரு முகத்துக்கும் நேரே நின்று பாருங்கள்.

அம்மாவுக்கு முட்டிவலி என்றீர்களே, தீவின் படகுத்துறையில் பொம்மை ரயில் இருந்தாலும் அதற்குப் பிறகு நூற்றுக்கு மேல் படிகள். டோலி கிடைக்கும், ஏறுவதற்கு முன்பே கூலி பேசிவிடுங்கள்.

மழைக்காலமென்றால் கடல் கொந்தளிக்கும் நாளில் படகை நிறுத்திவிடுவார்கள். காலையில் கேட்வே படகுத்துறையில் விசாரிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.