தங்கைக்கு முகம் காட்டாத அண்ணனுக்கு

கேள்வி: அப்பா காலமான பிறகு வீட்டை விற்றேன். விற்ற விலையைத் தங்கையிடம் குறைத்துச் சொல்லி, அதற்குத் தக்கபடி அவள் பங்கையும் குறைத்துக் கொடுத்தேன். ஏழு வருடங்கள் ஆகின்றன. ஜெபத்தில் உட்கார்ந்தாலே அழுகை வருகிறது. உபவாசம் இருந்தேன், போதகரிடம் பாவத்தை அறிக்கையிட்டேன். அவள் முதல் ஆராதனைக்கு வருவதால் நான் இரண்டாம் ஆராதனைக்குப் போகிறேன். இவ்வளவு அழுதும் மனதில் சமாதானம் இல்லை. தேவன் என்னை இன்னும் மன்னிக்கவில்லையா?

பதில்: மன்னிப்பு இருக்கட்டும். அந்த இரண்டாம் ஆராதனையைப் பற்றி முதலில் பேசுவோம்.

போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரே சபை, ஒரே தகப்பனின் பிள்ளைகள். தங்கை வெளியே போன பிறகு அண்ணன் உள்ளே வருகிறார், அதே பெஞ்சில் முழங்கால் போட்டு அழுகிறார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி? காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, அதாவது சமாதானமாகு என்று இயேசு சொன்னது மத்தேயு 5-ல் இருக்கிறது. நீங்கள் ஒப்புரவாகப் போகவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டீர்கள்.

இயேசுவை முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த சீஷன் யூதாசும் துக்கப்பட்டான். ‘பாவம் செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொன்னான், அந்தக் காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் யாரிடம் போனான்? பிரதான ஆசாரியர்களிடம். ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்று அவர்கள் கைகழுவிவிட்டார்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட இயேசுவிடம் அவன் போகவே இல்லை. இன்னொரு சீஷன் பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவர், மனங்கசந்து அழுதவர். ஆனாலும் கரையில் நிற்பது உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்று தெரிந்ததும் படகு கரை சேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது என்று பவுல் 2 கொரிந்தியர் 7-ல் எழுதியதை இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அழுகை இருவருக்கும் பொதுவாக இருந்திருக்கலாம். போன திசைதான் வேறு.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. உங்கள் அழுகை, உங்கள் உபவாசம், உங்கள் சமாதானம் எல்லாம் கடிதத்தில் இருக்கிறது. தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பணம் இல்லாமல் அவள் எதை எதைத் தள்ளிப்போட்டாளோ, யாரிடம் கை நீட்டினாளோ! தகப்பன் போன பிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சுவது அண்ணன்தான். அதையும் சேர்த்தல்லவா பறித்துவிட்டீர்கள்.

போதகரிடம் அறிக்கையிட்டது நல்லதுதான், ஆனால் ஏமாந்தது அவர் அல்லவே. கத்தோலிக்க சபையும் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் மூன்றையும் சேர்த்தே கேட்கிறது. திருடிய பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலித்த சகேயு எல்லார் முன்பாகவும் எழுந்து நின்று சொன்னார். நீங்கள் ஒரு மடங்கைக்கூட இன்னும் எடுத்து வைக்கவில்லை.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், அது குடும்பப் பணம். அப்புறம் தங்கையின் வீட்டுக்கு நேரில் போங்கள். சபை வாசலில் வைத்துப் பேச வேண்டாம், அங்கே நாலு பேர் பார்ப்பதால் அவள் தலையாட்ட வேண்டியதாகிவிடும். விற்ற விலை இவ்வளவு, உன்னிடம் சொன்னது இவ்வளவு என்று தொகையோடு சொல்லுங்கள். அப்பாவின் வைத்தியச் செலவை நான்தானே பார்த்தேன் என்று ஆரம்பிக்காதீர்கள். மொத்தமாகத் தர வழியில்லையென்றால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்கள்.

அவள் கதவைச் சாத்தலாம், வருடக்கணக்கில் பேசாமலும் இருக்கலாம். அது அவள் உரிமை. அதற்காகத் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.