அலாரம் 'வென்ட் ஆஃப்'

ஐயா, வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். போன வாரம் நைட் ஷிஃப்ட் பதிவேட்டில் 'கோல்ட் ரூம் அலாரம் வென்ட் ஆஃப்' என்று எழுதியிருந்தது. (கோல்ட் ரூம் என்பது சரக்கு வைக்கும் குளிர் அறை.) ஆஃப் ஆகிவிட்டது, பிரச்சினை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அலாரம் அடித்தது என்பதுதான் அர்த்தமாம். பால் கெட்டாலும் குண்டு வெடித்தாலும் அதே சொல்தான் என்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவன் இதையெல்லாம் எப்படிப் பிடிப்பது?
வாசகர், கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்விட்சைப் பார்த்துப் பழகிய நமக்கு 'ஆஃப்' என்றாலே நின்றுவிட்டது என்றுதான் படும். அந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் விலகல். இருந்த நிலையை விட்டு அகல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் காத்திருந்த அலாரம் அடிக்கிறது. சும்மா கிடந்த குண்டு வெடிக்கிறது. நன்றாக இருந்த பால் திரிகிறது. எரிந்த விளக்கு அணைகிறது. எல்லாமே 'கோ ஆஃப்'தான்; அதன் இறந்தகாலம்தான் 'வென்ட் ஆஃப்'. எது, அதுவரை எப்படி இருந்தது என்று கேட்டால் பாதி விளங்கிவிடும். மீதிக்கு இந்தக் கணக்கு உதவாது. 'வெட்டிங் வென்ட் ஆஃப் வெல்' என்றால் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதை அப்படியே மனதில் வைக்க வேண்டியதுதான். அதனால் தனிச்சொல்லாகப் படிக்காமல், அலாரத்தோடும் பாலோடும் சேர்த்தே நோட்டில் எழுதி வையுங்கள்.

தமிழ் மீடியத்தின் மேல் பழி போடாதீர்கள். 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதி முன்னுரையிலேயே, அயலாருக்குப் பெரும் சிக்கல் இப்படிச் சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் வினைகள்தான் என்று எழுதிவிட்டார். நம்மிடமும் உண்டு. ஓசூருக்கு வேலைக்கு வந்த ஒரு ஒடியா இளைஞருக்குக் 'காட்டு' தெரியும், 'கொடு' தெரியும். 'காட்டிக்கொடுத்துட்டான்' என்றால்? ஏதோ உதவி செய்தான் என்றுதான் நினைப்பார்.

ஆனால் உங்கள் பதிவேட்டு விஷயம் வேறு. சரக்கும் சில நேரம் உயிரும் சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய சொல் வரவே கூடாது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே ஓர் எளிய ஆங்கிலம் வகுத்திருக்கிறார்கள். கூடுமானவரை ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் அதில். படித்தவர் மேல் மட்டும் தப்பைச் சுமத்துவது நியாயமில்லை, எழுதியவருக்கும் பொறுப்பு உண்டு. மேலாளரிடம் தயங்காமல் கேளுங்கள்: அலாரம் அடித்த நேரம், நிறுத்திய நேரம், அப்போது அறையின் வெப்பநிலை, நிறுத்தியவர் கையெழுத்து. நான்கு கட்டம் போதும், தமிழிலேயே இருக்கட்டும்.