கேளுங்க சொல்றேன்: இந்த வாரம் முழுக்க டர்ஃப்தான்

முழங்கால் வலி பத்தி வந்த ஒரு கேள்விக்கு போன இதழ்ல பதில் சொல்றப்ப, போற போக்குல "டர்ஃப்லயா ஆடுறீங்க?"னு கேட்டு வச்சேன் (டர்ஃப்னா பிளாஸ்டிக் புல்லு விரிச்ச ஆட்டத் தரை). அவ்ளோதான், அதுக்கப்புறம் வந்த லெட்டர், மெயில்ல பாதிக்கு மேல டர்ஃப் சமாச்சாரம்தான். ஊருக்கு நாலு டர்ஃப் வந்தாச்சு, சந்தேகமும் வரத்தானே செய்யும். சரி, ஆரம்பிக்கலாம்.

பையனுக்கு 12 வயசு. சாயந்திரம் டர்ஃப்ல ஃபுட்பால் கோச்சிங் போறான். வீட்டுக்கு வந்தா ஷூ, சாக்ஸ் எல்லாத்துலயும் கருப்பு கருப்பா குருணை கொட்டுது, வாஷிங் மெஷின் ஃபில்டர் வரைக்கும் போயிடுச்சு. அது பழைய டயராம், கேன்சர் வருமாம்னு அபார்ட்மென்ட் க்ரூப்ல வீடியோ ஓடுது. அனுப்பலாமா வேணாமா?
*(ஒரு அம்மா, வேளச்சேரி)*

அனுப்புங்க மேடம். ஆனா அந்த வீடியோல பாதி உண்மை இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

குருணை பழைய டயர அரைச்சதுதான், அதுல மாத்தம் இல்ல. பிளாஸ்டிக் புல்லு நிமிர்ந்து நிக்கணும், விழுந்தா கொஞ்சம் மெத்துனு இருக்கணும்னு, கீழ மணல் மேல ரப்பர்னு கொட்டி வைப்பாங்க. கேன்சர் பயம் எங்க கிளம்புச்சுன்னா அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்துல. ஏமி கிரிஃபின்னு ஒரு யுனிவர்சிட்டி சாக்கர் (நம்ம ஃபுட்பால்தான்) கோச், கேன்சர் வந்த பிளேயர்ஸ் பேர எல்லாம் லிஸ்ட் போட ஆரம்பிச்சாங்க, பாத்தா அதுல நெறய பேரு கோல்கீப்பர்ஸ். கோல்கீப்பர்னா தரையிலயே உருளுற ஆளு, அதனால எல்லாருக்கும் பக்குனு ஆயிடுச்சு. அந்த மாநில சுகாதாரத்துறையே எறங்கி கணக்கு பாத்து, அந்த வயசுப் பசங்களுக்கு பொதுவா வர்றத விட இது ஜாஸ்தியா இல்லனு 2017ல சொல்லிட்டாங்க. அதே வருஷம் ஐரோப்பிய ரசாயன ஏஜென்சியும் பாத்துட்டு ஆபத்து ரொம்பக் குறைவுனுதான் சொல்லுச்சு. அதுக்காக டயர்ல ஒண்ணுமே இல்லனு அர்த்தம் இல்ல, பிஏஹெச்னு சொல்ற வேண்டாத ரசாயனம் இருக்கு. அது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கற குருணைய விக்கவே கூடாதுனு 2022ல இருந்து ஐரோப்பாவுல சட்டம். வீடியோல "ஐரோப்பாவுலயே தடை பண்ணிட்டான்"னு அடிச்சு விட்ருப்பாங்களே, அந்தத் தடை வேற. ரப்பர் குருணை மைக்ரோபிளாஸ்டிக், மண்ணுலயும் தண்ணியிலயும் போய் சேருதுன்னு 2023ல முடிவெடுத்து, 2031ல இருந்து விக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கும் கேன்சருக்கும் சம்பந்தம் இல்ல. ரெண்டையும் குழப்பி ஒரே சட்டில வதக்கிட்டாங்க.

நீங்க பாக்க வேண்டியது வேற. கேட்டுக்கு வெளிய வந்ததும் ஷூவ கழட்டி அங்கயே தட்டச் சொல்லுங்க. கைய கழுவாம ஸ்நாக்ஸ் டப்பாவ தொறக்கக்கூடாது. அப்புறம் முக்கியமா சிராய்ப்பு, கேன்சர விட இதுதான் நம்ம பசங்களுக்கு நெஜமான தொல்லை. டர்ஃப்ல வழுக்கி விழுந்தா தோலு அப்படியே பாளமா உரியும், பாக்க சின்னதா இருக்கும், உள்ள அழுக்கு இருக்கும். 2003ல செயின்ட் லூயிஸ் ராம்ஸ்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல இந்த மாதிரி சிராய்ப்பு வழியா மருந்துக்கே அடங்காத பாக்டீரியா புகுந்து அஞ்சு பிளேயருக்கு சீழ் கட்டி, அதுல இருந்துதான் டாக்டருங்க இத சீரியஸா எடுக்க ஆரம்பிச்சாங்க. வந்தவுடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், டவல ஃப்ரெண்டுக்கு குடுக்கக்கூடாது. அவன் கத்துவான், பரவால்ல.

மத்தியானம் ஸ்லாட்டுக்கு பாதி ரேட்டுதான் வாங்குறாங்க. மே மாசம் 2 மணிக்கு புக் பண்ணலாமா?
*(காலேஜ் கேங், திருநெல்வேலி)*

ஏன் பாதி ரேட்டுனு யோசிச்சீங்களா? நெஜப் புல்லு வேர் வழியா தண்ணிய உறிஞ்சி இலை வழியா ஆவியா விட்டு தன்னைத்தானே குளிர வச்சுக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது, வெயில வாங்கி வச்சிக்கிட்டே இருக்கும், கருப்பு ரப்பர் இருந்தா கேக்கவே வேணாம். நல்ல வெயில்ல மேல்பரப்பு 60 டிகிரிய தாண்டும். தண்ணி அடிச்சா குளிரும், ஆனா கொஞ்ச நேரத்துல திரும்ப ஏறிக்கும். காசு மிச்சம்னு போய் ஒருத்தன் மயங்கி விழுந்தா ஆட்டோ, ஆஸ்பத்திரி, ட்ரிப்ஸ்னு அந்த மிச்சம் எல்லாம் எங்க போகும்னு பாத்துக்கோங்க. காலைல 6 மணிக்கு போங்கப்பா.

எங்க தாத்தா அந்தக் காலத்து ஆளு, ஹாக்கி வெறியர். "ஆஸ்ட்ரோ டர்ஃப கொண்டு வந்து வெள்ளக்காரன் நம்மள ஒழிச்சிட்டான்"னு இன்னிக்கும் சொல்றார். உண்மையா சார்?
*(வாசகர், கோவில்பட்டி)*

கோவில்பட்டில இருந்து ஹாக்கி கேள்வி வரலன்னாதான் ஆச்சரியம்.

தாத்தா சொல்றதுல நியாயம் இருக்கு. 1975ல கோலாலம்பூர்ல பாகிஸ்தான 2-1னு அடிச்சு உலகக் கோப்பை ஜெயிச்சோம், புல்லுத் தரையில. அடுத்த வருஷமே மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ், மொத தடவையா ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில. நாம ஏழாவது எடம். 1928ல இருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்ஸ்லயும் மெடல் வாங்கிட்டு வந்த டீம் வெறுங்கையோட வந்துச்சு. கோல்டு யாருக்குனா நியூசிலாந்து! புல்லுல பந்து எகிறும், திரும்பும், அத ஸ்டிக்லயே ஒட்ட வச்சு மூணு பேர ஏமாத்திட்டுப் போறதுதான் நம்ம ஆட்டம். டர்ஃப்ல பந்து சர்ருனு நேரா போகும், ஓடணும், ஓடிக்கிட்டே பாஸ் குடுக்கணும், அப்ப இருந்த 70 நிமிஷ ஆட்டம் முழுக்க மூச்சு இருக்கணும். ஐரோப்பாவுல கிளப்புக்கு கிளப்பு டர்ஃப் போட்டுட்டான், நம்ம பசங்க ஊர்ல மண்ணுலயும் புல்லுலயும் பழகிட்டு பெரிய போட்டிக்கு போனாதான் டர்ஃப்ல கால் வைப்பாங்க. எப்படி ஜெயிக்கிறது.

ஆனா தாத்தாகிட்ட ஒண்ணு கேளுங்க. நம்ம மாதிரியே புல்லுல வளந்த பாகிஸ்தான் 1984ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல கோல்டு அடிச்சான், 1994ல சிட்னில உலகக் கோப்பையும் அடிச்சான், ரெண்டும் டர்ஃப்லதான். நாமளே 1980 மாஸ்கோல நம்ம பாஸ்கரன் கேப்டனா இருந்து டர்ஃப்ல கோல்டு வாங்கினோமே (நெறய நாடு புறக்கணிச்ச ஒலிம்பிக்ஸ்தான், இருந்தாலும் கோல்டு கோல்டுதான்). ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்ன கதைனு இத நான் சொல்ல மாட்டேன், ஏன்னா மேடை கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மேடைய நம்ம ஊர்ல கட்டிக்க இத்தன வருஷம் எடுத்துக்கிட்டது யாரு? 1976ல விழுந்தது சரி, 2008 பெய்ஜிங்குக்கு தகுதியே ஆகலயே, அதுக்கு வெள்ளக்காரன் என்ன பண்ணுவான். டோக்கியோலயும் பாரிஸ்லயும் வெண்கலம் வந்தது சின்ன வயசுலயே டர்ஃப்ல பழகின பசங்களாலதான். உங்க ஊர்லயே இப்ப டர்ஃப் இருக்கு, அங்கருந்து மாரீஸ்வரன் சக்திவேல் இந்தியா ஜெர்சி போட்டாச்சு. தாத்தாவ ஒரு நாள் கூட்டிட்டுப் போய் பிராக்டிஸ காமிங்க, கண்டிப்பா திட்டிக்கிட்டே முழுசா உக்காந்து பாப்பார்.

இந்த ஆஸ்ட்ரோ டர்ஃப்ங்கற ஐடியா யாருக்குங்க வந்துச்சு?
*(பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)*

நல்ல கதைமா இது. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல 1965ல ஆஸ்ட்ரோடோம்னு மேல கூரை போட்ட பிரம்மாண்ட பேஸ்பால் ஸ்டேடியம் தொறந்தாங்க. புல்லு வளர வெளிச்சம் வேணுமேனு கூரைல ஒளி ஊடுருவுற பிளாஸ்டிக் பலகை. பகல்ல பந்து மேல போனா பிளேயருக்கு கண்ணு கூசி ஒண்ணுமே தெரியல, பந்து தலையில விழாத குறை. சரினு கூரைக்கு பெயின்ட் அடிச்சாங்க, கூசறது நின்னுச்சு, புல்லு செத்துப்போச்சு. அப்புறம்தான் மான்சான்டோ கம்பெனி கெம்கிராஸ்னு ஒண்ண ஏற்கனவே பண்ணி 1964லயே ஒரு ஸ்கூல்ல விரிச்சிருந்தது ஞாபகம் வந்து, அத 1966ல இங்க கொண்டாந்து போட்டாங்க. ஆஸ்ட்ரோடோம்ல போட்டதால ஆஸ்ட்ரோ டர்ஃப்.

வீக்கெண்ட் மட்டும் ஆடுற ஆளு நான், வயசு 34. ஆன்லைன்ல நல்ல ஆஃபர்ல ஸ்டட் வச்ச ஷூ வாங்கினேன். டர்ஃப்ல போட்டா கால் பிடிச்சிக்கிற மாதிரி இருக்கு. பழகிடுமா?
*(ஐடி ஊழியர், கோவை)*

பழகாது தம்பி, முட்டிதான் போகும். நீங்க வாங்கினது எஃப்ஜி, அதாவது நெஜப் புல்லுக்கானது. மண்ணுல ஸ்டட் குத்தி திரும்பறப்ப மண்ணு கொஞ்சம் பேந்து கால விட்டுடும். டர்ஃப் விடாது, பாதம் அங்கயே நிக்கும், ஒடம்பு மட்டும் திரும்பும், நடுவுல மாட்டுறது முட்டி. அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல 2012ல இருந்து 2016 வரைக்கும் கணக்கெடுத்ததுல இடுப்புக்கு கீழ வர்ற காயம் நெஜப் புல்ல விட டர்ஃப்ல 16 சதவீதம் ஜாஸ்தினு வந்துச்சு. சாக்கர்ல பண்ண ஆராய்ச்சி எல்லாம் ஒரே மாதிரி வரல, அதனால டர்ஃப்னாலே ஆபத்துனு நான் சொல்லல, ஆனா தப்பான ஷூ போட்டு ஆடாதீங்க. அடியில குட்டி குட்டியா ரப்பர் முளை இருக்கற டிஎஃப் ஷூ வாங்குங்க, நம்ம ஊர் ஃபைவ்ஸ் (பக்கத்துக்கு அஞ்சு பேர் ஆடுற) டர்ஃபுக்கு அது போதும். ஆஃபர்ல வாங்கினத ரிட்டர்ன் போடுங்க. ஆபீஸ் சேர்ல அஞ்சு நாள் உக்காந்துட்டு நேரா வந்து ஸ்பிரின்ட் அடிக்காம பத்து நிமிஷம் வார்ம் அப் பண்ணுங்க.

ரோட்டு மேல 20 சென்ட் எடம் சும்மா கெடக்கு. டர்ஃப் போடலாம்னு ஐடியா. கம்பெனிக்காரங்க கொட்டேஷன் எல்லாம் புல்லு உயரத்தையே பேசறாங்க. வேற என்ன கேக்கணும்?
*(விவசாயி, திண்டுக்கல்)*

புல்ல விடுங்கண்ணே, கீழ என்னனு கேளுங்க. எல்லா கொட்டேஷனும் 50 எம்எம், 40 எம்எம்னு பச்சைய காட்டும், காசு தின்னுறதும் பின்னாடி கழுத்தறுக்கறதும் அடித்தளம்தான். ஜல்லி அடுக்கு எத்தன இன்ச், எப்படி அமுக்குறாங்க, சாய்வு எந்தப் பக்கம், ஐப்பசி மழை ரெண்டு நாள் விடாம அடிச்சா தண்ணி எங்க போகும், இதெல்லாம் பேப்பர்ல எழுதி வாங்குங்க. சில பேர் நேரா கான்கிரீட் மேல பாய விரிக்கற மாதிரி விரிச்சிட்டு போயிடறாங்க, அப்படினா நடுவுல ஷாக் பேட் (அடி தாங்குற மெத்து விரிப்பு) இல்லாம ஒத்துக்கவே ஒத்துக்காதீங்க, விழுற பசங்களுக்கு அது சிமெண்ட் தரைதான்.

முடிஞ்சதும் ஒரு டெஸ்ட் நீங்களே பண்ணலாம். காத்து சரியா அடிச்ச ஃபுட்பால ரெண்டு மீட்டர் உயரத்துல இருந்து சும்மா விடுங்க. ஃபிஃபாவோட உயர்ந்த தரத்துக்கு அது 60ல இருந்து 85 சென்டிமீட்டர் வரைக்கும் துள்ளணும், அடுத்த தரத்துக்கு ஒரு மீட்டர் வரைக்கும் போலாம். அதுக்கும் மேல போனா தரை கல்லு, ரொம்ப கம்மினா குருணை அமுங்கல. உங்க டர்ஃபுக்கு ஃபிஃபா சர்டிஃபிகேட் எல்லாம் தேவையில்ல, ஆனா அவங்க அளவுகோல் ஓசிதானே. ஒரு எடத்துல இல்ல, பத்து எடத்துல போட்டுப் பாருங்க, ஜாயின்ட் பக்கத்துல கட்டாயமா.

இன்னொன்னு. ரப்பருக்கு பதிலா தேங்கா நாரும் கார்க்கும் கலந்து போடுறது வெளிநாட்டுல ஓடிட்டிருக்கு, ரப்பர் அளவுக்கு சூடாகாது, ஆனா ஈரம் வச்சிருக்கணும், அப்பப்ப மேல நிரப்பணும். தண்ணி வசதி இருந்தா கம்பெனிக்காரங்ககிட்ட விசாரிச்சுப் பாருங்க, நாருக்கு நீங்க எங்கயும் அலைய வேண்டாம். போட்டதோட வேலை முடியாது, வாரத்துக்கு ஒரு தடவையாவது பிரஷ் போட்டு குருணைய சமம் பண்ணணும், கோல் வாசல் முன்னாடி குழி விழும், அங்க ரொப்பணும். ஒழுங்கா பாத்தா எட்டு பத்து வருஷம் வரும். அதுக்கப்புறம் கிழிச்சு எடுக்கற டன் கணக்குப் பிளாஸ்டிக்க எங்க போடுறதுனு எந்த கொட்டேஷன்லயும் இருக்காது, அதையும் கேட்டு வைங்க. ராத்திரி 12 மணி வரைக்கும் லைட்டும் கத்தலும்னா பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார், அத நான் சொல்லித்தான் தெரியணுமா.

பெரிய ஃபுட்பால் மேட்ச் எல்லாம் ஏன் இன்னும் நெஜப் புல்லுலயே நடக்குது?
*(வாசகர், காரைக்கால்)*

பிளேயருக்கு பிடிக்கல, அவ்ளோதான். இங்கிலாந்துல கியூபிஆர்ங்கற கிளப் 1981ல பிளாஸ்டிக் தரை போட்டு, பந்து கண்ட மேனிக்கு துள்ளி, கடைசில லீக்ல தடையே வந்துச்சு. 2015 பெண்கள் உலகக் கோப்பைய கனடால முழுக்க டர்ஃப்ல நடத்தினப்ப, ஆம்பளைங்களுக்கு புல்லு எங்களுக்கு பிளாஸ்டிக்கானு அமெரிக்க பிளேயர் ஆபி வாம்பாக் தலைமையில பிளேயர்ஸ் கேஸே போட்டாங்க. அப்புறம் வாபஸ் வாங்கிட்டாங்க, ஆனா அவங்க கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். நம்ம கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல கூட 2011ல போட்ட டர்ஃப பிச்சிட்டு 2017 ஜூனியர் உலகக் கோப்பைக்கு முன்னாடி புல்லு போட்டாங்க. இப்ப நெதர்லாந்து டாப் லீக்லயும் செயற்கைத் தரை கூடாதுனு ஆயிடுச்சு. அதுக்காக எல்லா எடத்துலயும் புல்லு வளத்துட முடியுமா? தெனம் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் பத்து டீம் மிதிச்சா எந்தப் புல்லும் ஒரு மாசத்துல மண்ணாயிடும். மேட்ச்சுக்கு புல்லு, தெருப் பசங்க தெனமும் ஆட டர்ஃப், இதுதான் என் கட்சி.

ஹாக்கி டர்ஃப் ஏன் நீல கலர்?
*(ஆறாம் வகுப்பு மாணவன், மதுரை)*

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஆரம்பிச்சதுடா. நீலத் தரை, மஞ்சப் பந்து, டிவில பாக்கறவனுக்கு பந்து பளிச்சுனு தெரியணும்னு. சுத்தி ஓரத்துல பிங்க் கலர் வேற அடிச்சிருந்தாங்க.