நகம் பட்டால் உரியும் பெயிண்ட்: காரின் உட்புறம் பற்றி மூன்று கேள்விகள்

கேள்வி: என்னுடையது பழைய கார். கதவுக் கைப்பிடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும், கியரைச் சுற்றியுள்ள பட்டையும் கீறல் விழுந்து பார்க்கச் சகிக்கவில்லை. சென்ற ஐப்பசியில் ஹார்டுவேர் கடையில் 'எல்லாப் பரப்புக்கும் ஏற்றது' என்று அச்சிட்டிருந்த ஸ்பிரே கேனை வாங்கி நானே அடித்தேன். கார்த்திகைக்குள் நகம் பட்ட இடமெல்லாம் தோலாக உரிந்துவிட்டது. உரியாத பெயிண்ட் எந்தக் கம்பெனியில் கிடைக்கும்?
— வாசகர், குன்னூர்

பதில்: எந்தக் கம்பெனி கேனாக இருந்தாலும், நேரடியாக அடித்தால் உரியத்தான் செய்யும். அந்தப் பட்டையைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் பிளாஸ்டிக்கின் வகை இருக்கும். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் வகை என்றால் கவலை குறைவு. பெயிண்டுக்கு முன் அடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிரைமரே போதும். பி.பி. என்று தொடங்கினால் அது பாலிப்ரொப்பிலீன். கார் உட்புறத்தில் பெரும்பகுதி இதுதான். எதையும் எளிதில் ஒட்டவிடாத பிளாஸ்டிக் இது. இதற்கு 'அட்ஹீஷன் புரமோட்டர்' என்று தனியாக ஒரு பூச்சு விற்கிறார்கள். லேபிளில் பாலிப்ரொப்பிலீனுக்கு ஏற்றது என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். 'எல்லாப் பரப்புக்கும்' என்ற வாசகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீரில் போட்டு, மிதந்தால் பி.பி., மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கார் பாகங்களில் டால்க் தூள் கலப்பது வழக்கம். பின்பக்கம் 'டி20' என்று இருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க். அந்தக் கலவை பி.பி.யாக இருந்தும் மூழ்கிவிடும்.

அடுத்த எதிரி டேஷ்போர்டு பாலிஷ். கார் கழுவுகிற இடங்களில் பளபளப்புக்காகத் தடவும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் விழுந்தால் சின்னச் சின்ன வட்டங்களாக விலகி நிற்கும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் தேயுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அதற்குப் பிறகுதான் வாட்டர் பேப்பர். வரிசையை மாற்றினால் சிலிக்கோனைக் கீறல்களுக்குள்ளேயே தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். 400 அல்லது 600 நம்பர் பேப்பரை நனைத்து, கை அழுத்தாமல் தேய்த்தால் போதும். சொரசொரப்பான பேப்பர் பி.பி.யில் மயிர்க்கால்கள் போல் இழைகளை எழுப்பிவிடும். தேய்த்து முடித்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது முத்தாகத் திரண்டு நின்றால் புரமோட்டர் அடிக்காமல் கேனைத் தொட வேண்டாம்.

இனி, ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் நனைக்கும் மாதத்தில் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள்! பெயிண்டில் கலந்துள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. பெயிண்ட் வெளுத்துப் பால் படிந்ததுபோல் ஆவதும், பிடிமானம் கெடுவதும் இதனால்தான். தைக்கு மேல், பங்குனிக்குள், வெயில் தெளிந்த ஒரு நண்பகலைத் தேர்ந்தெடுங்கள். உதகை வாசகர்கள் காலையில் உறைபனி கண்ட அன்று அவசரப்பட வேண்டாம். குளிரில் கேனின் அழுத்தமும் குறைந்து, தூவுவதற்குப் பதில் துப்பும். வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் கேனை நிறுத்தி வைக்கலாம். அடுப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் உறவினர் இருந்தால் கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுக் கீழே எடுத்துப்போய் அடிப்பது இன்னும் நல்லது. ஆனால் அங்கே கேனை மூடிய காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று கேனிலேயே எழுதியிருக்கும்.

அடிக்கும்போது ஒரு சாண் தூரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சாகப் பல முறை அடியுங்கள். புரமோட்டருக்கும் பெயிண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதை லேபிள் சொல்லும். அதை மீற வேண்டாம். முதலில் பின்பக்கத்தில் ஓர் ஓரத்தில் அடித்து, ஒரு வாரம் கழித்துப் பிளேடால் கட்டம் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்பில் பெயிண்ட் வந்தால் முன்பக்கத்துக்குப் போகாதீர்கள்.

ஏர்பேக் மூடி எதன்மேலும் பெயிண்ட் வேண்டாம். ஸ்டியரிங்கின் நடுப்பகுதி, டேஷ்போர்டின் இடப்பக்கம், சில கார்களில் முன்கண்ணாடியை ஒட்டிய தூண்கள் ஆகியவை அதில் சேரும். மூடி கிழிய வேண்டிய இடத்தில் சரியாகக் கிழியும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதில் கைவைக்கக் கூடாது. டேஷ்போர்டின் மேற்பரப்பில் பளபளப்பான நிறம் அடித்தால் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் அது விளையாட்டல்ல. கதவின் பெரிய பலகைக்கு இத்தனை பாடுபடுவதைவிட, கோவையில் பழைய உதிரிபாகக் கடைகளில் நல்லதாக ஒன்று தேடி வாங்குவதே என் யோசனை.

கேள்வி: ஜன்னல் சுவிட்சுகளைச் சுற்றியுள்ள பகுதி பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அதன்மேல் மேட் கறுப்பு அடிக்கலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: கூடாது. அது தொட மெத்தென்று இருப்பதற்காகப் பூசும் 'சாஃப்ட் டச்' பூச்சு; ஈரக்காற்றில் காலப்போக்கில் சிதைந்து பிசினாகிவிடுகிறது. பிசின்மேல் என்ன அடித்தாலும் நிற்காது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். சுவிட்சுக்குள் சொட்ட விடாதீர்கள். தின்னர் வேண்டாம், அடியில் உள்ள பிளாஸ்டிக்கையே கரைத்துவிடலாம். பூச்சு போனபின் வரும் வெறும் கறுப்பு பலருக்குப் பிடித்துவிடுகிறது. பெயிண்ட் செலவும் மிச்சம்.

கேள்வி: வாங்கிய கேனில் மூக்கு அடைத்திருந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கடைக்காரர் கையை விரிக்கிறார்.
— வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. பில் தர மறுப்பதும் அப்படியே. முதலில் மூக்கை மட்டும் கழற்றித் தின்னரில் ஊறவைத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கேனையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடுவதானாலும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.