கல்லுக்குள் கல்

அன்புள்ள ஐயா,

நிலவியலின் தொடக்ககாலம் பற்றி எழுதியபோது பதினேழாம் நூற்றாண்டு டென்மார்க் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவுக்குப் பெரிய இடம் கொடுத்திருந்தீர்கள். எனக்கு இரண்டு சந்தேகங்கள். பாறை அடுக்குகளில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது என்பதை ஒரு விதியாகச் சொல்லவேண்டுமா? பழைய செய்தித்தாள் கட்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது, அவர் மதம் மாறி ஆயராகி, அறிவியலையே விட்டுவிட்டார் என்று படித்தேன். மதம் ஒரு நல்ல மூளையை விழுங்கிவிட்டது என்றுதானே சொல்லவேண்டும்?

சென்ற மாதம் பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊருக்குப் போயிருந்தேன். அங்கே தரையில் ஒரு சுறாப்பல் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் இதை எழுதத் தோன்றியது.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

செய்தித்தாள் உதாரணத்தில் ஒரு விஷயம் உங்களுக்கு முன்பே தெரியும். அந்தத் தாள்களை யாரோ ஒவ்வொரு நாளாக வைத்தார்கள் என்பது. பாறையும் அப்படி ஒவ்வொன்றாக வந்து படிந்தது என்று 1660களில் எத்தனை பேருக்குத் தோன்றியது? மலை, படைப்பின் நாளிலிருந்தே மலை. கல்லுக்குள் சிப்பி கிடந்தால், அது அந்தக் கல்லே தனக்குள் விளைவித்த உருவம். படித்தவர்களே இப்படிச் சொன்ன காலம் அது.

நீங்கள் பார்த்த பல்லைப் போன்றவற்றுக்கு அன்றைய ஐரோப்பாவில் 'நாக்குக்கல்' என்று பெயர். மால்டா தீவில் நிறையக் கிடைத்தன. வானத்திலிருந்து விழுந்தவை என்றார்கள், புனித பவுல் சபித்ததால் கல்லாகிப்போன பாம்பு நாக்குகள் என்றார்கள். விஷத்தை முறிக்கும் என்று நம்பி விலை கொடுத்து வாங்கினார்கள். 1666 அக்டோபரில் இத்தாலியின் லிவோர்னோ கடற்கரை அருகே ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை ஃபிளாரன்ஸுக்குக் கொண்டுவரச் செய்து, ஸ்டெனோவிடம் அறுத்துப் பார்க்கக் கொடுத்தார் டஸ்கனியின் ஆட்சியாளர் இரண்டாம் ஃபெர்டினாண்டோ. ஸ்டெனோவுக்கு அப்போது 28 வயது. கோபன்ஹேகனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர். காதருகே இருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டுவரும் குழாய்க்கு இன்றும் மருத்துவத்தில் அவர் பெயர்தான். இதயம் ஒரு தசைதான் என்று காட்டியவரும் அவரே.

நாக்குக்கல் சுறாவின் பல்தான் என்று அவருக்கு முன்பே இத்தாலியில் ஃபாபியோ கொலொன்னா எழுதியிருந்தார். ஸ்டெனோ அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டார். ஒரு கெட்டியான பொருளுக்குள் இன்னொரு கெட்டியான பொருள் எப்படி வந்தது? இரண்டில் எது முதலில் இறுகியது?

இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாறை இடுக்கில் வளரும் மரத்தின் வேரைப் பாருங்கள். இடத்துக்கு ஏற்ப நசுங்கி, முறுக்கி, பாறையையும் பிளந்திருக்கும். நாக்குக்கல் அந்தக் கல்லுக்குள்ளேயே வளர்ந்திருந்தால் அதுவும் அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் எங்கே எடுத்தாலும் அது ஒரே வடிவத்தில், கோணாமல் இருந்தது. ஆகவே பல் முதலில் கெட்டியாக இருந்தது. சுற்றியிருந்தது பிறகு இறுகிய சேறு. முதலில் இறுகியது எதுவோ அதன் அச்சுதான் மற்றதில் பதியும். பல்லும் சிப்பியும் பாறைக்கு மூத்தவை. பாறையின் விரிசலை நிரப்பி ஓடும் கனிமப் பட்டை பாறைக்கு இளையது.

1669இல் வெளிவந்த அவருடைய சிறிய நூல் முழுக்க இதுதான். அடுக்கு விதியும் இதிலிருந்தே வருகிறது. அடி அடுக்கு படிந்துகொண்டிருந்தபோது மேலடுக்குகளில் ஒன்றுகூட இருக்கவில்லை, அங்கே இருந்தது திரவம் மட்டுமே என்கிறார் ஸ்டெனோ. திரவத்தில் படிவது மட்டமாகத்தான் படியும். அப்படியானால் இன்று சாய்ந்து நிற்கும் அடுக்கு பிறகுதான் சாய்ந்திருக்கிறது. டஸ்கனி இரண்டு முறை நீருக்கடியில் இருந்தது, இரண்டு முறை சமவெளியானது, இரண்டு முறை மேடுபள்ளமானது என்று ஆறு நிலைகளை வரிசைப்படுத்திப் படமும் போட்டார். எழுத்து எதுவும் இல்லாத ஒரு நிலத்துக்கு வரலாறு கிடைத்துவிட்டது. அந்த வரலாற்றை விவிலியம் சொன்ன சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடக்க அவர் முயன்றார் என்பதும் உண்மை. கால அளவு தவறு, ஆனால் வரிசைப்படுத்தும் முறை சரி. காரையில் உங்கள் காலடியில் இருந்த மண் சுமார் 10 கோடி ஆண்டு பழையது. அதன் அடுக்குகளையும் இதே முறையில்தான் வரிசைப்படுத்துகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஸ்டெனோ லுத்தரன் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறியது 1667 நவம்பரில். நிலவியல் நூல் வந்தது 1669இல், அதுவும் கத்தோலிக்கத் தணிக்கையின் அனுமதியோடு. கலிலியோ வீட்டுச்சிறையில் இறந்து 30 ஆண்டுகள்கூட ஆகாத அதே டஸ்கனியில்! மதம் மாறியதும் மூளை அணைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? 1673இல் கோபன்ஹேகனில் உடற்கூறியல் உரை நிகழ்த்தியபோது அவர் சொன்னார்: 'நாம் காண்பவை அழகு, அறிந்தவை அதைவிட அழகு, அறியாதவையோ எல்லாவற்றையும்விடப் பேரழகு.' அறியாததின் பக்கம் நகர்ந்துகொண்டே போன மனம் என்றுதான் நான் அவரைப் புரிந்துகொள்கிறேன். 1675இல் குருவானார், 1677இல் ஆயர். ஆயரின் மோதிரத்தையும் சிலுவையையும்கூட விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். 1686இல், 48 வயதில், ஷ்வெரின் நகரில் இறந்தார்.

ஆனால் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். 1669 நூல் ஒரு முன்னுரைதான். பெரிய நூல் பின்னால் வரும் என்றார், அது எழுதப்படவே இல்லை. ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸும் இதற்காக வருந்தினார். எனக்கு இன்னும் வலிப்பது வேறொன்று. இளமையில் நெதர்லாந்தின் லைடனில் தத்துவவாதி ஸ்பினோசாவோடு பழகியவர் ஸ்டெனோ. 1677இல் ஸ்பினோசாவின் 'எதிக்ஸ்' கையெழுத்துப் பிரதி ஒன்று கையில் வந்தபோது, அதை மதவிரோதக் கருத்துகளை விசாரிக்கும் ரோமின் விசாரணை மன்றத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரைப் பற்றி எழுதும்போது விட்டுவிடவும் முடியவில்லை.

சரி, அடுத்த முறை காரைக்குப் போனால் தரையில் கிடப்பதை விட்டுவிட்டு, மண்ணில் இன்னும் பாதி புதைந்திருக்கும் பல்லாகத் தேடுங்கள். எடுக்கவேண்டாம், எடுத்தால் எந்த அடுக்கில் இருந்தது என்பதே போய்விடும். குனிந்து, அதன் விளிம்பை ஒட்டியிருக்கும் மண்ணைப் பாருங்கள். மண்ணில் பல்லின் அச்சு பதிந்திருக்கிறதா, பல்லில் மண்ணின் அச்சா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.