மூட்டுத் தேய்மானம்: டைக்ளோஃபெனாக்கா, எட்டோரிகாக்சிப்பா?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறார். முதலில் பார்த்த டாக்டர் டைக்ளோஃபெனாக் கொடுத்தார். இப்போது பார்ப்பவர் எட்டோரிகாக்சிப் எழுதியிருக்கிறார். எது நல்லது?

பதில்: வலியைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சரியான அளவில் கொடுத்தால் இரண்டுமே பாராசிட்டமாலைவிட நன்றாக வேலை செய்யும். தேய்ந்த குருத்தெலும்பை இரண்டுமே வளர்க்காது. அதனால் எந்த மருந்து என்பதை முழங்காலை வைத்து முடிவு செய்வதைவிட வயிறு, இதயம், சிறுநீரகம் இவற்றை வைத்து முடிவு செய்வதே சரி.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சன் போன்றவை அழற்சியை உண்டாக்கும் காக்ஸ்-2 நொதியோடு, வயிற்றின் உட்சுவரைக் காக்கும் காக்ஸ்-1 நொதியையும் தடுக்கின்றன. புண்ணும் இரத்தக்கசிவும் வருவது அதனால்தான். எட்டோரிகாக்சிப்பும் செலிகாக்சிப்பும் பெரும்பாலும் காக்ஸ்-2ஐ மட்டும் தடுப்பதால் வயிற்றுக்குக் கொஞ்சம் இதம். ஆனால் இந்த வகையில் வந்த ரோஃபிகாக்சிப் மாரடைப்பு அபாயத்தால் 2004-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. டைக்ளோஃபெனாக்கும் இதய விஷயத்தில் அப்பாவி இல்லை.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை தருவது பிரஷர். எட்டோரிகாக்சிப் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. 140/90-க்கு மேல் கட்டுப்படாமல் இருந்தால் அதைத் தொடங்கவே கூடாது. அடுத்து, டெல்மிசார்ட்டன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதே மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு அல்லது குளோர்தாலிடோன் சேர்ந்து வருவதும் உண்டு. இவை சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மருந்துகள். இவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம், அதுவும் வாந்தி, பேதியால் உடலில் நீர் குறைந்திருக்கும் நாட்களில். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் தொடர்ந்து கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், மாத்திரைக்கு முன்னால் ஜெல்லை ஒழுங்காக முயன்று பார்க்க வேண்டும். 1% டைக்ளோஃபெனாக் ஜெல், ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளுக்கு 4 தடவை. மாத்திரையோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் சேர்வது சுமார் 6 சதவீதம்தான். பலர் பட்டாணி அளவு தடவிவிட்டு இரண்டே நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரமாவது முழு அளவில் தடவ வேண்டும். கூடவே தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும்.

அதற்கும் வலி அடங்கவில்லையா? இதய நோய் இல்லாமல், சிறுநீரகமும் நன்றாக இருந்தால், செலிகாக்சிப் நாளுக்கு 200 மி.கி., அதோடு வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல் போன்ற ஒன்று என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மிதமான அளவில் செலிகாக்சிப் இதயத்துக்கு நாப்ராக்சனையோ இபுப்ரோஃபெனையோ விட மோசமாக இல்லை. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் எதையும் தொடக் கூடாது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு இபுப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் இதயத்துக்குத் தரும் பாதுகாப்பை அது கெடுத்துவிடும்.

எதைத் தொடங்கினாலும் குறைந்த அளவு, குறைந்த நாட்கள். பழைய டைக்ளோஃபெனாக் மிச்சம் இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் பிரஷரைப் பாருங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.